முதல் பரிசு பெற்ற கழிப்பறை

அந்தத் தெருவின் பொதுக் கழிப்பறை தொடர்ந்து இரண்டு வருடமாக முதல் பரிசு வாங்கியிருந்தது. நகரிலேயே சுத்தமானது என்று வாசலில் பலகை வேறு. சுத்தத்துக்குக் கேட்பானேன்? கட்டிய நாளிலிருந்து அதற்குள் ஒரு ஜீவன் கால் வைத்ததில்லை. சோதனைக்கு எப்போது வருவார்களோ என்று காவல்காரர் அதை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார். தெருவில் அவருக்குப் பெயரே 'பூட்டு'.

எதிரே இஸ்திரி வண்டி போட்டிருந்தவளுக்கு அந்தப் பலகையைப் பார்க்கும்போதெல்லாம் பெட்டிக் கரி வயிற்றுக்குள் எரிந்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வயிற்றைக் கிழித்துத் தையல் போட்ட பிள்ளைப்பேறு. அந்த உடம்போடு ரயில் பாதைக்குப் பின்னாலிருக்கும் முட்புதருக்குத்தான் போக வேண்டும், அதுவும் இருட்டிய பிறகு. பகலெல்லாம் அடக்கிக்கொண்டு கிடந்தாள். அடக்க வேண்டுமே என்று தண்ணீரைத் தொடுவதில்லை. பிள்ளைக்குப் பால் எங்கிருந்து ஊறும்? இப்போது காய்ச்சல் வேறு. ஒண்ணுக்குப் போனால் நெருப்பாய் எரிகிறது என்று பல்லைக் கடித்தாள். "நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். குடிப்பதா கஷ்டம்? குடித்த பிறகுதானே கஷ்டம்.

காலையில் பூட்டிடம் கெஞ்சியே பார்த்தாள்.

"அண்ணே, பச்சை உடம்புக்காரி. பகல்ல மட்டும் திறந்து விடுங்க."

"உனக்குத் திறந்தா தெருவே வந்து நிக்கும். அப்புறம் பரிசு?"

"பரிசைக் கரைச்சா குடிக்கப் போறீங்க?"

"வாயை அடக்கும்மா."

"வாயையும் அடக்கணும், வயித்தையும் அடக்கணும். வேற எதை அடக்கணும்ணே? மொத்தமாச் சொல்லிடுங்க."

அன்று மதியமே சோதனை அதிகாரியின் கார் வந்து நின்றது. போன இடத்திலெல்லாம் உபசாரமாகக் கொடுத்த சோடாவை மனிதர் மறுக்காமல் குடித்திருப்பார் போலும். இறங்கும்போதே முகம் சரியில்லை. பூட்டு பூமாலையோடு ஓடி வந்தார். "மாலையெல்லாம் அப்புறம். முதல்ல கதவைத் திறய்யா!" என்று உள்ளே பாய்ந்தார்.

தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு குழாய் கிறீச்சிட்டது.

"யோவ், தண்ணி வரல!"

பூட்டு பின்பக்கம் ஓடினார். சுவரிலிருந்து இறங்கிய குழாய் எதனோடும் சேராமல் மண்ணைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றது. யாராவது உள்ளே போயிருந்தால்தானே தெரிந்திருக்கும்! தண்ணீர் லாரியும் அன்று வரவில்லை. தெருவில் தண்ணீர் இருந்தது, துணிக்குத் தெளிக்க இஸ்திரிக்காரி வைத்திருந்த டிரம்மில்தான்.

"அக்கா, ஒரு வாளி தண்ணி..." என்றார் பூட்டு. காலையில் 'அம்மா', இப்போது 'அக்கா'!

"சாவி."

"என்னக்கா, ஆபத்துக்குக் கேட்டா..."

"நானும் ஆபத்துக்குத்தான் கேட்டேன்."

"சரி, இன்னிக்கு ஒரு நாள் வச்சுக்கோ."

அவள் ஒரு சட்டையை விரித்து, காலரை நிதானமாகத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஒரு வாரம்க்கா!"

"எனக்கொண்ணும் அவசரமில்லண்ணே. உங்க ஐயாவுக்குத்தான்."

"யோவ், செத்துட்டியா?" என்றது உள்ளிருந்த குரல்.

பூட்டு இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் அவள் வாளியை நகர்த்தினாள்.

வியர்த்து விறுவிறுத்து அதிகாரி வெளியே வந்தார். அவள் வழிமறித்தாள்.

"சாமி, ஒரு வாளித் தண்ணியில்லாம இந்தத் தவிப்புத் தவிச்சீங்களே, எம்பொண்ணு தையலோட தினமும் தவிக்கிறா. ரெண்டு வருஷமா சுத்தம் சுத்தம்னு பரிசு குடுத்தீங்களே, ஒரு தடவையாவது குழாயைத் திருகிப் பாத்தீங்களா?"

"எழுதிக் குடும்மா. பரிசீலிக்கிறோம்."

"நீங்க எழுதிக் குடுத்துட்டா உள்ள போனீங்க?"

அதிகாரி காரில் ஏறினார். பூமாலை பூட்டின் கையிலேயே வாடியது.

அவள் இன்னொரு வாளியை நிரப்பிக்கொண்டு மகளைக் கைத்தாங்கலாக நடத்தி வந்தாள். பின்னாலேயே வீட்டுக்கு வீடு பெண்கள், கையில் கிடைத்த வாளியோடு கிளம்பிவிட்டார்கள். "பரிசு போச்சே" என்று பூட்டு தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்புகூட இல்லை. இங்கே தரையில் முகம் தெரிந்தது.

"அம்மா, இவ்வளவு பளபளன்னு இருக்கே. நான் போனா அழுக்காயிடாதா?"

அதிகாரியிடம் உடையாத குரல் தாய்க்கு இப்போது உடைந்தது.

"ஆகட்டும்டி. கழுவிக்கலாம். நீ மொதல்ல போ."