‘மூடியாச்சு’ என்றார் நைஜல்

1

இந்தக் கதை வண்டி வரிசையில் நிற்கும்போது என்னிடம் வந்து சேர்ந்தது. இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில், கார்களை ஏற்றிக்கொண்டு கடலுக்கடியில் பிரான்சுக்குப் போகும் ரயிலில் ஏறக் காத்திருந்தேன். பாரிஸில் அக்கா மகளுக்குக் கல்யாணம். கூரைமேல் பெட்டி கட்டிய கார் என்பதால் உயரமான வண்டிகளின் வரிசையில் விட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் ஒரு மோட்டார்ஹோம்; படுக்கையும் அடுப்பும் வைத்த வீட்டு வண்டி. அதிலிருந்து அறுபது வயது தாண்டிய ஒரு பெண் மழையில் இறங்கினாள். பக்கவாட்டில் இருந்த சிறிய கதவைத் திறந்து, உள்ளே இருந்த காஸ் சிலிண்டரின் மேல் கைவைத்தாள். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

நான் பார்த்தது அவ்வளவுதான். மீதியில் பாதியை அவளே பிறகு ரயிலுக்குள் சொன்னாள். மறுபாதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கடலுக்கடியில் போகும்போது மனிதர்கள் தங்கள்…” அடித்துவிட்டேன். தத்துவத்தோடு தொடங்கும் கதை பெரும்பாலும் பொய்யில் முடிகிறது. இரண்டாவது தொடக்கம்: “பெவர்லி ஒரு பொறுமைசாலி.” அதுவும் போயிற்று. பொறுமைசாலி என்று எழுதினால் நீங்கள் அவளுக்காக உச்சுக்கொட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். அவளுக்கு அது பிடிக்காது.

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

2

பெவர்லியும் நைஜலும் கெட்டரிங் என்ற ஊர்க்காரர்கள். நைஜல் காப்பீட்டுக் கம்பெனியில் சேதம் மதிப்பிடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எரிந்த சமையலறைக்கும் வெள்ளம் புகுந்த கடைக்கும் போய், சொந்தக்காரர் சொல்வதில் எவ்வளவு நிஜம் என்று கண்டுபிடிப்பதே அவர் பிழைப்பாக இருந்தது. (இதை நான் சேர்க்கவில்லை. அவள் சொன்னது. நானே கற்பனை செய்திருந்தால், ரொம்பப் பொருத்தமாக இருக்கிறதே என்று வெட்டியிருப்பேன்.)

ஓய்வுக்குப் பிறகு மோட்டார்ஹோம் வாங்கினார்கள். ஒவ்வொரு வசந்தத்திலும் ஸ்பெயின்.

பெவர்லிக்கு ஒரே தங்கை, கிளெண்டா. ஹல் ஊரில் இருந்தாள். ஒரு பண்டிகைச் சாப்பாட்டில் நைஜலைப் பற்றி கிளெண்டா ஏதோ சொல்லப்போய், இரண்டு குடும்பமும் பேச்சை நிறுத்தின. என்ன சொன்னாள் என்று நான் கேட்டேன். “உண்மையத்தான் சொன்னா” என்றாள் பெவர்லி. அதற்கு மேல் விளக்கவில்லை. அந்தப் பிணக்கிலேயே வருடங்கள் ஓடின. போன வசந்தத்தில் இவர்கள் ஸ்பெயினில் இருந்தபோது கிளெண்டா புற்றுநோயில் இறந்துபோனாள். நோய் இருந்ததே பெவர்லிக்குத் தெரியாது.

அடக்கத்தன்று கிளெண்டாவின் மகன் அவளிடம் வந்து, அம்மா உங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள், பெரியப்பாதான் எடுத்தார், சொல்லிவிடுகிறேன் என்றாராம், நாங்கள் காத்திருந்தோம் என்றான். பெவர்லி அன்றிரவே நைஜலைக் கேட்டாள். யாரும் கூப்பிடவில்லை, மருந்து மயக்கத்தில் அவள் எதையோ கனவு கண்டிருப்பாள் என்றார் நைஜல். முகத்தில் எதுவும் அசையவில்லை.

அவள் நம்பினாள். (இந்த வாக்கியத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். ‘நம்ப முடிவுசெய்தாள்’. ‘நம்பாமல் அந்த வீட்டில் எப்படிப் படுப்பது’. கடைசியில் ஒற்றைச் சொல்லுக்கே திரும்பிவிட்டேன்.)

3

ஆங்கிலத்தில் ‘நீ’யும் ‘நீங்க’ளும் ஒரே சொல். தமிழில் எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. கெட்டரிங்கில் புருஷனுக்கு யாரும் மரியாதை விகுதி போடுவதில்லைதான். ஆனால் பெவர்லி அவரைப் பற்றிப் பேசிய விதத்தில் அந்த விகுதி இருந்தது. நான் ‘நீங்க’ என்றே எழுதுகிறேன். ஓரிடத்தில் மாறும்.

இந்த வசந்தத்தில் ஃபோக்ஸ்டனுக்கு வரும் வழியில் நெடுஞ்சாலை ஓரம் வண்டியை நிறுத்தினார்கள். கடையில் விற்பது டீயா கழுவின தண்ணியா என்று நைஜல் அலுத்துக்கொள்ள, பெவர்லி மோட்டார்ஹோம் அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக் கொடுத்தாள். அவர் முழுக் கோப்பையையும் குடித்தார்.

ஃபோக்ஸ்டனில் மஞ்சள் சட்டை போட்ட ஒரு பெண் ஒவ்வொரு வண்டியாகக் கேட்டுக்கொண்டு வந்தாள்.*

“காஸ் மூடியிருக்கா சார்?”

“மூடியாச்சு. வீட்ல கிளம்பறப்பவே நானே மூடினேன்.”

“ஒரு தடவ பாத்துடறேன். சிலிண்டர் கதவத் திறந்து வைங்க. பக்கத்து வண்டிய முடிச்சுட்டு வந்துடறேன்.”

மழையில் இறங்க நைஜலுக்கு மனமில்லை. “இதுக்கெல்லாமா சந்தேகப்படுவாங்க? நீயே சொல்லேன், பெவ்” என்றார்.

கோப்பை இன்னும் கழுவாமல் தொட்டியில் கிடந்தது.

அவள் இறங்கினாள். வால்வு திறந்திருந்தது. காஸில் ஓடும் ஃப்ரிட்ஜின் நீலச் சுடர்கூட எரிந்துகொண்டிருந்தது. நான் பார்த்தது அவள் அங்கே நின்ற அந்த நேரத்தைத்தான். காஸை நினைத்து நடுங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். தவறு. அவளே திருத்தினாள்: “பயமெல்லாம் வரல. அந்தக் குரல்தான். ‘மூடியாச்சு’ன்னு சொன்ன அதே குரல்லதான் ‘யாரும் கூப்பிடல’ன்னு சொன்னாரு. அவருக்குப் பொய் சொல்லணும்னு ஆசைகூட இல்ல. எந்திரிச்சுப் போக சோம்பல், அவ்ளோதான்.”

நைஜல் தலையை வெளியே நீட்டி, மூடிட்டு வா, நனையற என்றார். அவள் திரும்பவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

“கிளெண்டா போன் பண்ணினாளா?”

“இப்ப எதுக்கு அது?”

“நீ எடுத்தியா?”

(மாறிய இடம் இதுதான்.)

நைஜல் மஞ்சள் சட்டைக்காரி எங்கே நிற்கிறாள் என்று பார்த்துக்கொண்டார். “எடுத்தேன்” என்றார். பிறகு, சேத மதிப்பீடு படிக்கிற தொனியில் சொன்னார்: “சொல்லியிருந்தா நீ ஹல்லுக்கு ஓடியிருப்ப. பயணத்துக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சு. நாம திரும்பி வர்ற வரைக்கும் அவ தாங்குவான்னு நெனச்சேன்.”

பெவர்லி வால்வைத் திருகி மூடினாள். உள்ளே போய் ஃப்ரிட்ஜை அணைத்தாள். மஞ்சள் சட்டைக்காரி வந்ததும், “திறந்துதான் இருந்துச்சு. இப்ப நான் மூடினேன்” என்றாள். அந்தப் பெண் தன் கையாலும் திருகிப் பார்த்தாள். பிறகு நைஜலிடம், “உள்ள போனா உங்களோட இன்னும் எத்தனையோ பேர் இருப்பாங்க சார்” என்றாள். மறந்திருப்பேன் என்றார் நைஜல். கூரை ஜன்னலைத் திறந்தே வையுங்கள் என்று சொல்லி அவர்களை அனுப்பினாள்.

* ரயிலுக்குள் வண்டிகளை வரிசையாக விட்டுப் பெட்டியின் கதவுகளை அடைத்துவிடுவார்கள். கடலுக்கடியில் நடுவழியில் காஸ் கசிந்தால் இறங்கி ஓட வெளி கிடையாது. சிலிண்டரை மூடச் சொல்வது அதற்காக. கதைக்கு இது தேவையா என்று யோசித்தேன். தேவை. நைஜல் எதைப் பற்றிப் பொய் சொன்னார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

4

ரயில் நகர்ந்ததும் அவள் இறங்கி வந்து என் காருக்கும் மோட்டார்ஹோமுக்கும் நடுவில் நின்றாள். தலை ஈரமாக இருந்தது. நான் துண்டை நீட்டினேன். பேச்சு அப்படித்தான் தொடங்கியது. முன்பின் தெரியாதவனிடம் இதையெல்லாம் யாராவது சொல்வார்களா என்று கேட்பீர்கள். முன்பின் தெரியாதவனிடம் மட்டும்தான் சொல்வார்கள்.

அவள் போகவேண்டும் என்று எனக்கு ஆசை. முடிவு அப்படித்தான் எழுதினேன்: பிரான்சில் இறங்கியதும் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் அவள்… பாதியில் நின்றுவிட்டது. இன்னொரு முடிவில் நைஜலை மன்னிப்புக் கேட்க வைத்தேன். “மன்னிச்சிரு பெவ்” என்ற சொற்கள் அவர் வாயில் ஒட்டவே இல்லை. அதையும் கிழித்தேன்.

இரண்டுமே நடக்காததற்குக் காரணம் அவளே சொன்னதுதான். இனி என்ன செய்யப்போகிறீர்கள், விட்டுவிட்டுப் போய்விடலாமே என்று அவளைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

“போகலாம்” என்றாள். “ஆனா கிளெண்டா என்கிட்ட சொல்லச் சொன்னது என்னன்னு அவனுக்கு மட்டும்தானே தெரியும். அவ போன்ல பேசறப்ப அவ மகன் அறையில இல்ல.”

நைஜல் என்ன சொன்னார் என்றேன். கேட்டாளாம். ஞாபகமில்லை என்றாராம். ரயில் கிளம்புகிற நேரத்தில், ஞாபகம் வந்துவிட்டது, ஸ்பெயினில் போய் நிதானமாகச் சொல்கிறேன் என்றாராம்.

துண்டை மடித்துத் தந்துவிட்டு அவள் மோட்டார்ஹோமில் ஏறினாள். பிரான்சில் வெளியே வந்ததும் அவர்கள் தெற்குச் சாலையில் திரும்பினார்கள்.

தங்கையின் கடைசி வார்த்தைகளை எழுதாமல் இதை முடிக்க முடியாது. என்னால் எழுத முடியவில்லை. அழகாக எழுதினால் நைஜலின் கைவேலை போலத் தெரிகிறது. கசப்பாக எழுதினாலும் அப்படியே. இந்த வரியை உங்களுக்கு விடுகிறேன்:

கிளெண்டா சொன்னது: ……………………………

எதை வேண்டுமானாலும் நிரப்புங்கள். ஆனால் அது நைஜலின் வாயிலிருந்துதான் வர வேண்டும். பெவர்லி அதை நம்பவும் வேண்டும்.