சிவந்த பழம்

வியாபாரி கழித்துப்போட்ட டிராகன் பழங்களில் ஒன்றை கியெட் வகுந்து தட்டில் வைத்தான். அவன் மனைவி லுயென் தன் பெரிய காலை முக்காலிமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு கரண்டியால் தோண்டித் தின்றாள். பிறவியிலேயே அந்த வலது காலில் எலும்பு நீண்டு, ரத்த நாளங்கள் முடிச்சுப்போட்டு, தொடைவரை கருஞ்சிவப்பு மச்சம் படர்ந்திருந்தது. செருப்பென்றால் இரண்டு அளவில் இரண்டு ஜோடி வாங்க வேண்டும்.

"இன்னிக்கும் செவப்பாத்தான் போச்சுங்க" என்றாள்.

"இதத் தின்னுட்டு வெள்ளையாவா போகும்? எனக்கும் அப்டித்தான்."

"அப்ப ஒங்க காலும் வீங்கும், பாத்துக்கிட்டே இருங்க."

இருவரும் சிரித்தார்கள். உள்ளே சிவந்த இந்தப் பழத்தைத் தின்றால் மறுநாள் மலமும் சிவப்பாகப் போகும்; லாங் ஆன் பக்கம் அறுவடைக் காலத்தில் யார் வீட்டிலும் அதைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள். அவள் வெளிறிப்போனதையும் படியேறும்போது மூச்சு வாங்கியதையும் தோட்ட வேலையின் களைப்பு என்றே அவன் நினைத்திருந்தான்.

மறுநாள் காலை கழிவறை வாசலில் விழுந்து கிடந்தாள். தரையில் கட்டிகட்டியாகச் சிவந்து கிடந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை. பழத்துக்கு அந்த வாடை கிடையாது.

சைகோன் ஆஸ்பத்திரியில் மருத்துவர், எத்தனை நாளாக என்று கேட்டார். அறுவடை தொடங்கியதிலிருந்து என்றான் கியெட். காலில் புடைத்திருப்பதுபோலவே ரத்த நாளங்கள் குடலிலும் பரவியிருக்கின்றன, அங்கிருந்துதான் ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது என்றார் அவர். பழம் என்று நினைத்தோம் என்றான் இவன். அவர் ரத்தம் ஏற்றச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

ஏற்றிய ரத்தமெல்லாம் இறங்கிக்கொண்டே இருந்தது. அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் அவன் விரலைப் பிடித்தாள்.

"பாவங்க, பழத்த எதுவும் சொல்லாதீங்க. நல்லாத்தான் இருந்துச்சு."

திரும்பி உயிரோடு வரவில்லை.

அதன்பின் கியெட் அந்தப் பழத்தைத் தொடவில்லை. நூறாம் நாள் படையலுக்கு அவள் தங்கை, அக்காவுக்குப் பிடிக்குமென்று, தட்டு நிறைய அதையே அடுக்கிவிட்டாள். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் படைத்ததை வீட்டார் தின்றாக வேண்டும். எறிந்தால் இறந்தவளை மதிக்காததுபோல. தங்கை ஒன்றை வகுந்து நீட்டினாள். கரண்டியால் தோண்டி, ஒரு விதை மிச்சமில்லாமல் தின்றான். இனிப்பாக இருந்தது.

மறுநாள் காலை அவனுக்குச் சிவப்பாகத்தான் போயிற்று.