மத்தியானம் கம்பு

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. வேறு உயர்ந்த காரணம் ஏதாவது சொல்லலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். 'காலனி ஆதிக்கம் ஆப்பிரிக்காவின் நாக்கில் விட்டுச்சென்ற' என்று ஒரு வாக்கியம் தொடங்கியது. நாக்கு வரை வந்தது, அதற்கு மேல் நகரவில்லை.

நடந்தது இதுதான். செனகலில், காவுலாக் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் தக்கோ பா என்பவளின் சாப்பாட்டுக் கடை. உப்பளத்தில் வேலை பார்க்கும் நான் பல வருஷமாக மத்தியானம் அங்கேதான் சாப்பிடுகிறேன். ஒருநாள் போனபோது பானை கவிழ்ந்து கிடந்தது.

"சோறு எங்கக்கா?"

"உங்க நாட்டுலதான் இருக்கு," என்றாள் தக்கோ. "போய் எடுத்துட்டு வா."

இந்தியா நொய் ஏற்றுமதியை நிறுத்திய செப்டம்பர் அது. இங்கே ஊரே சாப்பிடுவது நொய்தான். தக்காளியும் மீனும் போட்டுக் கொதித்த சாற்றில் வெந்த நொய்.

(நொய் என்றதும் கோழித் தீவனத்தை நினைக்காதீர்கள். முழு அரிசியில் ஆக்கி வைத்தால் இங்கே விருந்தாளி முகம் சுளிப்பார். மீன் சாறு நொய்யில்தான் இறங்கும் என்பார். இந்த இடத்தில் எங்கள் பக்கத்துக் கம்பங்கூழைப் பற்றி ஒரு பக்கம் உருகி எழுதி, அடித்துவிட்டேன். இது தக்கோவின் கதை.)

2

[தக்கோ பா ஒரு புரட்சிக்காரி.] வேண்டாம். தெரிந்தால் கரண்டியோடு வருவாள்.

[வறுமையின் பிடியில் சிக்கிய தக்கோ] அதுவும் இல்லை. சொந்தக் கடை, பெரிய குளிர்பதனப் பெட்டி, ஒரு தங்கப்பல் எல்லாம் உண்டு.

தக்கோவுக்கு வாய் அடங்காது. இப்படித் தொடங்குவதே சரி. ஏனென்றால் எல்லாம் அந்த வாயால் வந்தது.

அவள் கடைக்கு தினமும் வருகிறவர் தெம்பா ஜாலோ, ஓய்வுபெற்ற வரலாற்று வாத்தியார். பா குடும்பப் பெயர்க்காரர்களுக்கும் ஜாலோக்களுக்கும் கேலி முறை. மாமன் மச்சான் மாதிரி, என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வாத்தியார் வெள்ளிக்கிழமை தோறும் உள்ளூர் வானொலியில் பேசுவார். எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் இங்கே வந்து நிற்பார்:

"வெள்ளைக்காரன் நம்ம கம்பங்காட்டுல நிலக்கடலையைப் போட வச்சான். கடலை அவனுக்கு எண்ணெயாச்சு. நமக்குப் பசிச்சப்போ, தன்னோட இன்னொரு காலனியில ஆலையில உடைஞ்சு மிஞ்சின நொய்யைக் கப்பல்ல கொண்டாந்து வித்தான். அவன் போயிட்டான். நொய் மட்டும் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு."

பேசி முடித்து நேராக தக்கோ கடைக்கு வந்து ஒரு தட்டு நொய்ச்சோறு சாப்பிடுவார்.

3

சில நாளில் நொய் மறுபடி கிடைத்தது, ஆனால் மூட்டை விலை ஏறியிருந்தது. தக்கோ தட்டின் விலையை ஏற்றினாள். ஓட்டுநர்கள் எதிர்க்கடையில் ரொட்டி தின்னப் போனார்கள். அந்த எரிச்சலோடு மீன் செதில் சீவிக்கொண்டிருந்த வெள்ளிக்கிழமை, வானொலியில் வாத்தியார் அதே கடலைக்கும் நொய்க்கும் வந்து சேர்ந்தார். தக்கோ கையைத் துடைத்துக்கொண்டு நிலையத்துக்கு ஃபோன் போட்டாள்.

"நேயர் யாரு பேசுறீங்க?"

"உன் எஜமானி பேசுறேன். நேத்து மத்தியானம் என் கடையில நீ என்ன தின்னேன்னு ஊருக்குச் சொல்லு வாத்தியாரே."

வானொலி கொஞ்சம் இரைந்தது. "சோறு."

"ரெண்டாவது தடவை வாங்கினியா இல்லியா?"

"ஜாலோ வீட்டுல பொறந்தவன் ரெண்டாவது தடவை கேக்க மாட்டான். நீயா போட்டே. நீ சோறாக்குறே, நான் சோறு திங்கிறேன். நாளைக்குக் கம்பு ஆக்கிப் பாரேன். பா வம்சத்துக்கு அது கை வருமா?"

"ஆக்குறேன். நீ வந்து திங்கலேன்னா ஜாலோங்க தலையில முக்காடு போட்டுக்கிட்டுத்தான் நடக்கணும்."

ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. ஃபோனை வைத்த பிறகுதான் வாயால் கெட்டோம் என்று அவளுக்கு உறைத்தது.

(இங்கே அவள் வரலாற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை. அவள் யோசித்ததோ ஆவியில் வேகவைக்கும் சட்டி ஒன்று போதுமா என்று.)

நியோரோ பக்கம் விவசாயம் பார்க்கும் தம்பி யெரோவைக் கூப்பிட்டாள். அவன் போடுவது கடலை. வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் கம்பு.

"கம்பா? கடைக்கா?" என்றான் யெரோ. "யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான். வாயில வியாதி. விடியறதுக்குள்ள அனுப்பு."

4

சனிக்கிழமை மத்தியானம் செரே பரிமாறினாள். கம்பு மாவை ரவையாக உருட்டி ஆவியில் வேகவைத்தது. இங்கே அது வீட்டு ராச்சாப்பாடு.

ஓட்டுநர் ஒருவன் தட்டைப் பார்த்ததும் எழுந்தான். "அக்கா, இதை இப்பத் தின்னா தூக்கம் வரும். வண்டியை நீ ஓட்டுறியா?"

அவனோடு இன்னும் சிலர் போனார்கள். தக்கோ சிரித்துக்கொண்டே வழிவிட்டாள். கரண்டி மட்டும் சட்டியின் விளிம்பில் தட்டிக்கொண்டே இருந்தது. அந்த வார வரும்படி முழுவதும் அந்தச் சட்டிக்குள் போயிருந்தது.

அப்போது வாத்தியார் வந்தார், கஞ்சி போட்ட நீல அங்கியில், வேடிக்கை பார்க்கும் சந்தையைப் பின்னால் இழுத்துக்கொண்டு. உட்கார்ந்தார். தின்றார்.

"என்ன?" என்றாள் தக்கோ.

"மீன் நல்லாருக்கு."

"கம்பு?"

"கம்பு மாதிரி இருக்கு."

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி, "பா பொண்ணே, இத்தனை வருஷம் ரேடியோவுல பேசினதை இன்னைக்குத்தான் மென்னு பாக்குறேன். தாடை வலிக்குது" என்றார்.

தக்கோ அவர் தட்டில் மறுபடி செரே போட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கும் பசித்தது. சாயங்காலத்துக்குள் சட்டி காலி.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் திங்கட்கிழமை என்று ஒன்று வருகிறதே.)

திங்கட்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். கொஞ்ச நாளில் வேறெங்கிருந்தோ கப்பல் வந்தது, அரிசி விலை இறங்கியது. தக்கோ வாரத்தில் சில நாள் கம்பு, மற்ற நாள் சோறு என்று வைத்துக்கொண்டாள். கம்பு நாளில் பெஞ்சில் இடம் இருக்கும். அவளும் பிடிவாதமாகக் குழம்பை மாற்றி மாற்றிப் பார்த்தாள். ரொட்டிக்குப் போன ஓட்டுநர்களில் சிலர் சத்தம் போடாமல் திரும்பி வந்தார்கள்.

5

ஜூனில் மேகம் கட்டியது. ஒரு சோற்று நாளில், கடை நிரம்பியிருந்தபோது, யெரோ கூப்பிட்டான்.

"அக்கா, மழை வருது. கடலையா கம்பா, இப்பவே சொல்லணும். கடலைக்கு விலையை வேற எவனோ சொல்வான். ஆனா எவனாவது வாங்குவான். கம்புக்கு நீ ஒருத்திதான். நீ வாங்குறேன்னா நிலம் பூரா கம்பு போடுறேன்."

முதல் முடிவு: அவள் 'கம்பு' என்கிறாள், ஊர் மாறுகிறது. எழுதி வாசித்தேன். விவசாய இலாகா சுவரொட்டி மாதிரி இருந்தது.

இரண்டாம் முடிவு: 'கடலையே போடு' என்று சொல்லிவிட்டுப் புகைக்குப் பின்னால் கண்ணைத் துடைக்கிறாள். இதற்கு வாசகர் நிச்சயம் உண்டு. தூரத்திலிருந்து ஆப்பிரிக்காவுக்காக அழுவது செலவில்லாத காரியம். தக்கோவுக்குப் பிடிக்காது.

அவள் செய்தது வேறு. ஃபோனை ஒலிபெருக்கியில் போட்டு, தட்டுகளுக்கு நடுவே வைத்தாள்.

"கேட்டீங்கல்ல. நான் ஒருத்தி தின்னு தீர்க்க முடியாது. தினமும் கம்பு போட்டா வர்றவங்க கையத் தூக்குங்க. சும்மா எனக்காகத் தூக்காதீங்க. அவனுக்குப் பிள்ளைங்க இருக்கு."

முதலில் உயர்ந்தது வாத்தியாரின் இடது கை. வலது கையில் சோறு இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. தூக்கம் வரும் என்ற ஓட்டுநர் பாதி தூக்கி, காது சொறிவது போல் வைத்துக்கொண்டான். இன்னொரு கை. பிறகு கை எதுவும் எழவில்லை. ஃபோனில் யெரோ மூச்சுவிடுவதும், அவன் பக்கத்தில் இடி உருள்வதும் கேட்டது.

தக்கோவின் பார்வை பெஞ்சு பெஞ்சாக வந்தது.

[அப்போது நான் கையை] இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை. தூக்கினேன் என்றால் என்னை நல்லவன் என்பீர்கள். இல்லை என்றால் நேர்மையானவன் என்பீர்கள். இரண்டும் யெரோவுக்கு உதவாது.

பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறேன். என் பக்கத்தில் இடம் இருக்கிறது, வாருங்கள். உங்கள் தட்டும் வந்துவிட்டது, சூடான நொய்ச்சோறு, மேலே மீன்.

தக்கோ உங்களைத்தான் பார்க்கிறாள்.