காணையில் அவித்த மல்லாட்டை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில், பக்கத்து சீட்டுப் பெண்ணின் லேப்டாப்பை எட்டிப் பார்த்ததில் பிறந்த கதை இது. அவள் ஒரு பட்டனை அழுத்தினாள், "மாதாவே" என்றாள், மறுபடி அழுத்தினாள். அதற்குமேல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெயர் தெரியாது, வெனிலா என்று வைத்துக்கொண்டேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2

'வானம் இருண்டு கிடந்த அந்த மாலையில் வெனிலாவின்...' வேண்டாம். வானத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்?

வெனிலா அதே பட்டனை மூன்றாம் தடவையாக அழுத்தினாள். (இது பரவாயில்லை, இருக்கட்டும்.)

புது ரக மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, பழைய ரகத்தோடு ஒப்பிடுவதுதான் அவளுடைய பிஎச்.டி. காணையிலும் வளவனூரிலும் பாத்தி பாத்தியாகக் காய் எண்ணி, பருப்பை நிறுத்து, எண்ணெய் அளந்திருந்தாள். மூன்றையும் சேர்த்துப் பார்த்து, இரண்டு ரகமும் உண்மையிலேயே வேறுதானா என்று கேட்கும் கணக்குக்கு மனோவா என்று பெயர். சாஃப்ட்வேர் தரும் விடை 0.05க்குக் கீழே வந்தால் வேறு என்று ஒப்புக்கொள்வார்கள். அவளுக்கு வந்தது 0.058.

இன்று சாயங்காலத்துக்குள் தீசிஸில் விழுப்புரத்தில் இருக்கும் கைடு ஜெகதீசன் சாரின் கையெழுத்து விழவில்லை என்றால் அவள் பதிவே ரத்து.

(ஜெகதீசனை முதலில் வில்லனாகத்தான் எழுதினேன். அடித்துவிட்டேன். காலையில் அவர் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஒரு பாத்தி மட்டும் இழுக்குதேம்மா. காரணம் இருந்தா எடுத்துடு. காரணம் இல்லாம எடுக்காத." இந்த மனுஷனை எப்படி வில்லனாக்குவது?)

3

இழுத்தது காணையில் வீரம்மாள் நிலத்துக் கிணற்றோரப் பாத்தி. புது ரகம்தான், ஆனால் காய் படுமோசம். அந்த ஒரு பாத்தியின் வரியை நீக்கிக் கணக்கை மறுபடி ஓட்டினாள். 0.031. இப்போது தேவை ஒரு காரணம்.

விக்கிரவாண்டி டோலில் பஸ் நின்றபோது வீரம்மாளுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, திண்டிவனம் வெனிலா பேசறேங்க. அன்னிக்கு நான் எண்றதுக்கு முன்னாடி கிணத்தோரப் பாத்தியில யாராவது செடி புடுங்கினாங்களா?"

"வேற யாரு புடுங்குவா? நான்தான் புடுங்கினேன். வெயில்ல மத்த பாத்திய எண்ணிக்கினு கெடந்தியேன்னு அவிச்சுக் குடுத்தேனே, மறந்துட்டியா? நல்லா காய்ச்ச செடியா பார்த்துல்ல புடுங்கினேன்!"

வெனிலா வாய்விட்டுச் சிரித்தாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். தன் ஆராய்ச்சியைத் தானே உப்புப் போட்டுத் தின்றிருக்கிறாள்! காரணம் கிடைத்துவிட்டது. கதை முடிந்தது, சுபம்.

முடித்திருக்கலாம். பாழாய்ப்போன மனசு கேட்கவில்லை.

4

வளவனூரிலும் எண்ணி முடிப்பதற்கு முன்பே தின்றாளே! அங்கே நிலம் கொடுத்த துரைக்கண்ணு வீட்டில் தின்றது போதாதென்று பை நிறையக் கட்டிக் கொடுத்தார்கள். அது எந்தப் பாத்திச் செடி? பழைய ரகமாக இருந்தால்? அப்போது பழையது குறைந்து தெரிந்ததே அந்தப் பையினால்தான். அதை நேர் செய்தால் 0.031 நிலைக்குமா?

அங்கே அவள் போன் போட்டுக் கேட்கவில்லை. அங்கே நம்பர் நன்றாக இருந்தது.

முடிவு ஒன்று: கேட்காமலே போகிறாள். கையெழுத்து விழுகிறது. அம்மா பாக்கியமேரி தெருவெல்லாம் கேக் கொடுக்கிறாள்.

முடிவு இரண்டு: போன் போடுகிறாள். துரைக்கண்ணு, "அதாம்மா, அந்தப் பழைய..."

இதை எழுத எனக்கே பயமாக இருக்கிறது.

பஸ் டோலைத் தாண்டிவிட்டது. போனில் துரைக்கண்ணுவின் பெயரைத் தேடி எடுத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"சார், விழுப்புரம் போக எவ்ளோ நேரம் ஆவுங்க?"

"அரை மணி நேரம் ஆகும்மா."

"போதுங்க," என்றாள்.

எதற்குப் போதும் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் சீட்டில் நீங்கள் உட்காருங்கள்; நீங்கள் கேளுங்கள்.