ஊருக்குப் போகிற பக்கம்

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய மனிதனுக்கு உலகத்திலுள்ள எல்லா ரோடும் தெரியும் என்று யாரோ என் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவரே தனக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். விமானம் தரையைத் தொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "பிரேக்கை இவ்வளவு அழுத்தக் கூடாது" என்றார்.

அன்றைக்குப் பதினோரு மணிக்கு எங்கள் ஒரே மகளுக்குப் பதிவுத் திருமணம். அவள் வேலைக்கென்று வந்து சேர்ந்த வெளிநாட்டு ஊர் இது. மாப்பிள்ளையையும் இங்கேயே அவளே பார்த்துக்கொண்டாள். பையன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இவருக்கு இருந்த ஒரே குறை, தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பது. அதற்காக ஒரு வருஷத்துக்கு மேல் மகளோடு பேசவில்லை. அவள் கூப்பிட்டால் ஃபோனை என் கையில் திணித்துவிட்டு வாசலில் போய் நிற்பார். ஆள்தான் வாசலில், காது உள்ளேதான். நான் அழுது பார்த்தேன், சண்டை போட்டேன், சமைக்க மாட்டேன் என்று படுத்துக் கிடந்தேன். கடைசியில் "சரி, வர்றேன்" என்று ஒரு வார்த்தை வந்தது.

மகளிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. "நிஜமா வருவாராம்மா? கடைசி நேரத்துல ஏதாவது சாக்கு சொல்லிட மாட்டாரே?" என்று திருப்பித் திருப்பிக் கேட்டாள். அதனால் நாங்கள் பிந்தவே கூடாது. பிந்தினால் அப்பா வேண்டுமென்றே வரவில்லை என்றுதான் அவள் நினைப்பாள். அந்த எண்ணத்தை அப்புறம் எந்த ஜென்மத்திலும் அவள் மனசிலிருந்து எடுக்க முடியாது. அவளும் இவர் பெற்ற பிள்ளைதானே.

விமான நிலையத்துக்குத் தானே வந்து கூட்டிப் போகிறேன் என்றாள். இவர் விடவில்லை. "கல்யாணப் பொண்ணு பெட்டி தூக்க வர்றதா? நாங்களே வந்துருவோம்னு சொல்லு" என்று என்னிடம் சொன்னார். அதையும் நேரே அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவள் வழியைத் தெளிவாக அனுப்பியிருந்தாள். விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிற்கும், கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரிலேயே பதிவு அலுவலகம். குழந்தைகூடப் போய்விடும்.

குழந்தை போயிருக்கும். நான் போனது இவரோடு.

பாஸ்போர்ட் வரிசை கயிறு கட்டி வளைத்து வளைத்து விடப்பட்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் நின்று, இதை எப்படி நேராக விட்டிருக்கலாம் என்று எனக்கு விளக்கினார். பெட்டி வந்தது. எடுத்த தள்ளுவண்டிக்கு ஒரு சக்கரம் சுற்றவில்லை. வேறு வண்டி எடுங்கள் என்றால், "ஓட்டத் தெரிஞ்சவனுக்கு எந்த வண்டியும் ஓடும்" என்று அதையே இழுத்துக்கொண்டு வந்தார். அது ஒரு அம்மாளின் காலில் ஏறியது. மன்னிப்புக் கேட்டது நான்.

ரயிலுக்கு இறங்கும் நகரும் படிக்கட்டின் முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"என்னங்க, இறங்குங்க. நேரம் ஆகுது."

"பூமிக்கு அடியில எலி மாதிரி போறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? ஒரு ஊருக்குள்ள போகணும்னா பஸ்லதான் போகணும். அப்பத்தான் ஊரு தெரியும்."

"ஊரை நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னைக்குப் பொண்ணு கல்யாணம்."

"நேரம் நிறைய இருக்கு. நீ சும்மா வா."

இந்த 'நீ சும்மா வா'வைக் கேட்டுக் கேட்டே எனக்குத் தலை நரைத்தது. டாக்சி பிடிக்கலாம் என்றேன். டாக்சிக்காரர் சொன்ன தொகையைக் கேட்டுவிட்டு, வண்டியையே விலைக்குக் கேட்டோம் என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது என்றார். கடைசியில் பஸ்தான். நிலையத்தில் இலவசமாகக் கிடைத்த இணையத்தைப் பிடித்து, பஸ்ஸில் வருகிறோம் என்று மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். வெளியே வந்துவிட்டால் எங்கள் ஃபோன் இந்த நாட்டில் வெறும் கடிகாரம்தான்.

பஸ் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே ஏறும்போதே, "பார்த்தியா, இங்கே எல்லாம் வலது பக்கமா ஓட்டுவாங்க. கதவும் அந்தப் பக்கம். நமக்கு நேர்மாறு" என்று பாடம் நடத்தினார். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன். அப்புறம் செய்ததைத் தெரியாமல் செய்தார் என்று சொல்ல முடியாது. தெரியும். தலைக்குத் தெரியும், காலுக்குத்தான் தெரியவில்லை.

ஓட்டுநருக்குப் பின்னாலேயே இடம் பிடித்தார். கொஞ்ச தூரம் போனதும் அந்த ஆள் ஒரு கையால் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். இவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய், "தம்பி, ஃபோனை உள்ளே வைப்பா. பின்னாடி இத்தனை உசுரு உக்காந்திருக்கு" என்று சுத்தத் தமிழில் சொன்னார். அந்த ஆள் தன் மொழியில் ஏதோ சொன்னார். இவர் பதிலுக்குச் சொன்னார். ஒருவர் சொன்னது ஒருவருக்குப் புரியாமலேயே சண்டை அருமையாக நடந்தது. அடுத்த நிறுத்தத்தில் இவர் பெட்டியைத் தூக்கிவிட்டார்.

"இறங்கு. இவன் ஓட்டுற வண்டியில என் பொண்டாட்டி வர மாட்டா."

"நான் வர்றேங்க! எனக்கு ஒண்ணும் ஆகாது!"

பஸ் எங்களை இறக்கிவிட்டு, சந்தோஷமாக ஊரைப் பார்க்கப் போயிற்று.

அங்கேயே நின்றிருந்தால் அடுத்த பஸ் வந்திருக்கும். ஆனால் எனக்கு அவசரமாக ஒதுங்க வேண்டியிருந்தது. அதை இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை, அதன் ஓரத்தில் கடைகள், கடைகளுக்கு நடுவில் கழிப்பறை. நான் முடித்து வந்தபோது இவர் பெட்டியோடு தயாராக நின்றார். மேலே ஏற நான்கு வாசல் இருந்தது.

"நாம இறங்கி வந்தது அந்த வாசல் இல்லையா?" என்றேன்.

"உனக்கு என்ன தெரியும்? ஊரு எந்தப் பக்கம் இருக்கு? அதோ, உயரமா கட்டடம் தெரிஞ்சுதே, அந்தப் பக்கம். அங்கே போற வண்டி எந்தப் பக்கம் நிக்கும்? இந்தப் பக்கம்." இடது கையை நீட்டினார். முப்பது வருஷம் நீட்டிய கை, கொஞ்சம்கூடத் தயங்கவில்லை.

"யாரையாவது கேட்டுக்கலாமே?"

"நானா?" என்றார். அவ்வளவுதான் பதில்.

மேலே ஏறினால் பஸ் நிற்கும் இடம் ரோட்டிலிருந்து தள்ளி, ஒரு சுவருக்குப் பின்னால் இருந்தது. பெரிய ரோடு கண்ணுக்கே தெரியவில்லை. அதே நம்பர் பஸ் வந்தது. ஏறினோம். ஓட்டியது ஒரு பெண். அங்கேதான் என் விதி முடிந்தது. அவள் ஸ்டியரிங்கைத் திருப்புகிற விதமும் நிறுத்தத்தில் குலுங்காமல் நிறுத்துகிற விதமும் இவரை மயக்கிவிட்டன. கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தபடி நின்றார். "பாரு, பாரு, எவ்வளவு பதமா ஒடிக்கிறா பாரு." அவர் பஸ்ஸைப் பார்த்தார், ரோட்டைப் பார்க்கவில்லை.

ரோட்டைப் பார்த்தது நான். உயரமான கட்டடங்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"என்னங்க, ஊரு பின்னாடி போகுது."

"ஊருக்குள்ள நுழையச் சுத்தித்தான் போகும். எல்லா ஊர்லயும் அப்படித்தான்."

கொஞ்ச நேரத்தில் எங்கள் தலைக்கு மேலே, வயிறு தெரிய, சக்கரத்தை நீட்டிக்கொண்டு ஒரு விமானம் இறங்கியது. பஸ்ஸே அதிர்ந்தது. நான் அவரைப் பார்த்தேன். அவர் விமானத்தைப் பார்த்தார். அப்புறம் ஓட்டுநரின் கையை, அவள் உட்கார்ந்திருந்த பக்கத்தை, கதவு திறக்கும் பக்கத்தை, ஒவ்வொன்றாகப் பார்த்தார். முகத்தில் ரத்தம் வற்றுவது என்பார்களே, அன்றைக்குத்தான் நேரில் கண்டேன்.

காலையில் எந்தக் கதவு வழியாக வெளியே வந்தோமோ அதே கதவுக்கு எதிரே பஸ் எங்களை இறக்கிவிட்டது. மணி பத்தரையைத் தாண்டியிருந்தது. இணையம் கிடைத்ததும் மகளைக் கூப்பிட்டேன். அவள் முன்பே அனுப்பியிருந்த செய்தி அப்போதுதான் வந்து விழுந்தது: 'பஸ் வேணாம்மா, ரயில்ல வாங்க.' அதற்குக் கீழே, 'எங்கே இருக்கீங்க?' அதற்கும் கீழே ஒன்றுமில்லை. அவள் ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

எனக்கு அங்கேயே அடக்க முடியாமல் வந்துவிட்டது. பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்க்கட்டும் என்று கத்தினேன்.

"நீங்க வேணும்னே பண்றீங்க! ரயில் வேணாம், டாக்சி வேணாம், இருந்த பஸ்ஸுல இருந்தும் இறக்கிட்டீங்க. வர மனசில்லைன்னா ஊர்லயே சொல்லியிருக்கலாமே? இவ்வளவு தூரம் கூட்டிட்டு வந்தா என் பொண்ணை அழ வைக்கணும்?"

அவர் எப்போதும் ஒன்றுக்குப் பத்தாகப் பேசுகிற ஆள். அன்றைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக முதல் டாக்சிக்குப் போனார். எவ்வளவு என்று கேட்கவில்லை. முன்னால் உட்காராமல் பின்சீட்டின் மூலையில் போய் ஒடுங்கினார். ஊர் வரும்வரைக்கும் அந்த ஓட்டுநருக்கு ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. சிக்னலில் வண்டி நிற்கும்போதெல்லாம் அவர் வலது கால் மட்டும் தரையை அழுத்தி அழுத்தி மிதித்தது. நான் சொன்னது அதிகம்தான் என்று அப்போது பட்டது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை, அதனால் சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஊருக்குள் நெரிசல். அலுவலகப் படிகளில் பெட்டியோடு ஏறி மாடிக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. நீளமான நடை, ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். மகள் நின்றிருந்தாள். நான் எடுத்து அனுப்பிய பச்சைப் புடவையை, மடிப்பு சரியாக வராமல், தானே கட்டியிருந்தாள். பக்கத்தில் மாப்பிள்ளை, சம்பந்தி இரண்டு பேரும். மகள் கையில் பூங்கொத்து. முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"முடிஞ்சிருச்சாம்மா?"

"முடிஞ்சிருச்சு." அவள் அப்பா இருந்த பக்கம் திரும்பவே இல்லை. "நீங்க எதுக்கும்மா ஓடி வந்தீங்க? மெதுவாவே வந்திருக்கலாம். அப்பா நினைச்சது நடந்திருச்சு."

"அப்படி இல்லடி கண்ணு. பிளேன்தான் லேட்டு..."

"பிளேன் சரியான நேரத்துக்கு இறங்கிடுச்சும்மா. நான் பார்த்தேன்."

சம்பந்தியம்மா நாகரிகமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எனக்கு அடுத்த பொய் கிடைக்கவில்லை. அப்போதுதான் பின்னாலிருந்து இவர் குரல் வந்தது. ஒரு வருஷத்துக்கு மேலாகி, மகளைப் பார்த்து நேராகப் பேசிய முதல் பேச்சு.

"தப்பான பக்கத்துல நின்னு பஸ் ஏறிட்டேன்மா. அது திரும்ப ஏர்போர்ட்டுக்கே கொண்டு போயிருச்சு. அம்மா சொன்னா, நான்தான் கேக்கல." பெட்டியை மறு கைக்கு மாற்றினார். "எனக்கு இந்த ஊர்ல வழி தெரியல."

சம்பந்திகளுக்கு இது பெரிய பேச்சாகப் பட்டிருக்காது. புது ஊரில் யாருக்கு வழி தெரியும்? ஆனால் எனக்கும் என் மகளுக்கும் தெரியும். இந்த மனிதரிடம் யாராவது வழி கேட்டு, அந்த இடம் இவருக்குத் தெரியாவிட்டால்கூட, கையைத் தூக்கி ஏதாவது ஒரு திசையைக் காட்டி அனுப்புவாரே தவிர, தெரியாது என்று சொன்னதில்லை. சாக்குச் சொல்ல வேண்டுமானால் நெஞ்சு வலித்தது என்பார், பாஸ்போர்ட்டில் பிடித்து வைத்தார்கள் என்பார், என் மேல் பழியைப் போடுவார். தூக்கில் போடுவதாகச் சொன்னாலும், புது சம்பந்திகள் முன்னால், பஸ்ஸில் தப்பாக ஏறினேன் என்று ஒரு பொய்யை இவர் கட்ட மாட்டார்.

மகள் மெல்லத் திரும்பினாள்.

"நீங்களா?"

"நான்தான்."

அவள் முகம் அப்படியே உடைந்தது. "அந்த ஆபீசர் மத்தியானம் வரைக்கும் இருப்பேன், காத்திருங்கன்னுதான் சொன்னாரு. அத்தையும் சொன்னாங்க, இவரும் சொன்னாரு. நான்தான்... அப்பா வர மாட்டாரு, கையெழுத்தப் போடலாம்னு பிடிவாதம் பண்ணி... ஃபோனையும் அணைச்சு வச்சுட்டேன்."

"எப்பம்மா போட்டீங்க?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இப்பத்தான். நீங்க கீழே படி ஏறிட்டு இருந்திருப்பீங்க."

ஒருத்தர் நான் சொல்லியும் கேட்கவில்லை, ஒருத்தி எல்லோரும் சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேரையும் அந்த நாற்காலியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் அப்பாவின் சட்டையில் முகத்தைப் புதைத்து விம்ம ஆரம்பித்திருந்தாள். அவர் ஒரு கையில் பெட்டியைப் பிடித்தபடியே மற்றக் கையால் அவள் முதுகைத் தட்டிக்கொண்டு, "கையெழுத்து எங்கேம்மா? நான் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் போயிற்று. மூக்கைச் சிந்திவிட்டு, அந்தப் பெட்டியைக் கீழே வையுங்கள் என்று அவரைத்தான் அதட்டினேன்.