கட்டி முடித்த மதில்

"அந்த ஃபைலக் குடுங்க. நானே பார்க்கணும்."

இதை மட்டும் கேட்கவே கூடாது என்று எங்கள் தோட்ட லயத்துத் தலைவர் பழனியாண்டி மாமா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். நகர சபைக்குப் போனால் ரோடு கேள், பல்பு கேள், தண்ணீர் கேள். கும்பிட்டும் கேட்கலாம், சண்டை போட்டும் கேட்கலாம். ஃபைலைக் கேட்டால் அவர்கள் முகம் மாறிவிடும், அப்புறம் நமக்கு ஒரு பல்புகூட வராது.

முகம் மாறத்தான் செய்தது. பொது வேலைப் பிரிவின் கிளார்க் சாலி நானா பிளேன்டீயைக் கீழே வைத்தார்.

"என்னத்துக்கு தங்கச்சி ஃபைல்? வேல முடிஞ்சிட்டுண்டு நான்தான் செல்லிட்டேனே."

"முடிஞ்ச வேலையத்தான் பார்க்கணும்ங்கிறேன்."

நான் வந்தது வேறொன்றைக் கேட்க. போன வருஷம் ஜூன் மழையில் எங்கள் வரிசை வீடுகளான மூன்றாம் லயத்துக்குப் பின்னால் சரிவு இடிந்து, வெள்ளையம்மா அக்காவின் குசினி அடுப்பு வரைக்கும் மண் வந்தது. அடுத்த காம்பரா எங்கள் வீடு. தடுப்பு மதில் கட்டித் தருவதாகச் சபை சொன்னது. எங்கள் லயமும் நகர எல்லைக்குள்தான் இருக்கிறது. தேர்தல் வந்தால் மட்டும் அது எல்லாருக்கும் ஞாபகம் வரும். ஆகஸ்டில் டீ.ஓ. மாத்தயா, சபை வேலைகளை அளந்து பார்க்கிற அதிகாரி, வந்து சுண்ணாம்புக் கோடு போட்டார். சரிவின் அடியில் அத்திவாரம் வெட்டினார்கள். அவ்வளவுதான். பள்ளம் அப்படியே கிடக்கிறது. அடியை வெட்டிவிட்டு மேலே இருக்கிற மண்ணை நில் என்றால் நிற்குமா? மே மாதம் மழை பிடிக்கும். அம்மா படுப்பது பின்சுவர் ஓரம்.

எப்போது கட்டுவீர்கள் என்று கேட்டேன். சாலி நானா பதிவேட்டில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது முடிஞ்சிட்டே" என்றார். சொன்ன பிறகு அந்த விரலை எடுத்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஃபைல் டீ.ஓ.ட அலுமாரில ஈக்கிது. பூட்டிட்டுப் போயிட்டார்."

"சாவி உங்க மேசையில கெடக்குதே நானா."

தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்ல வந்து என் பின்னால் நின்றவர் சிரித்துவிட்டார். "குடுத்துத் தொலைங்க மாத்தயா. எங்களுக்கும் நேரமாகுது."

சாலி நானா போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போனார். முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். பத்து நிமிஷத்தில் பழனியாண்டி மாமா படியேறி வந்தார். லயத்திலிருந்து டவுனுக்கு பஸ்ஸில் வர அரை மணி நேரமாவது ஆகும்.

"நீங்க எங்க மாமா இந்தப் பக்கம்?"

"பல்லு டொக்டர்கிட்ட வந்தேன்."

"எந்தப் பல்லு?"

யோசித்துவிட்டுத்தான் கன்னத்தைத் தொட்டார்.

"வா நிரோஷா, கீழ போயி டீ குடிச்சிட்டுப் பேசுவோம். பட்டதாரி லிஸ்ட்டு வரப்போவுது. ஒனக்கு ட்ரெய்னிங் இந்த சபையிலதான் கெடைக்கும்னு பேச்சு. இங்க இருக்கவங்ககிட்டயே மொறைக்கிறியே புள்ள."

மூன்றாம் லயத்திலிருந்து கேம்பஸ் போன முதல் ஆள் நான். இரண்டு வருஷமாக அந்த அரசாங்க வேலை லிஸ்ட்டுக்காகக் காத்திருக்கிறேன். அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"எழுதிக் கேட்டா காட்டித்தான் ஆகணும், இல்லையா நானா? இங்கயே உக்காந்து எழுதவா? தமிழ்லயா, சிங்களத்துலயா?"

சாலி நானா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். அலுமாரி திறந்தது.

முதலில் ஒரு படம். அழகான கருங்கல் மதில், குறை சொல்ல முடியாது. மதிலுக்குப் பின்னால் வரிசையாக ரப்பர் மரங்கள், மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டை. எங்கள் தோட்டத்தில் பேருக்கு ஒரு ரப்பர் மரம் கிடையாது. எங்கே திரும்பினாலும் தேயிலைதான்.

"இது எந்த ஊரு மதில்?"

தெருவிளக்குக்காரர் எட்டிப் பார்த்தார். "ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் மாதிரி இருக்கு."

"நீங்க ஒங்கட பல்ப பாருங்க" என்றார் சாலி நானா.

அடுத்தது சிங்களத்தில் ஒரு கடிதம். மதில் திருப்தியாகக் கட்டி முடிக்கப்பட்டது என்று பயனடைந்த நாங்கள் உறுதி சொல்கிறோமாம். கடிதத்தின் கடைசி வரிகள் அடுத்த தாளின் மேல்பக்கத்தில் முடிய, அதன் கீழே நாற்பத்திரண்டு கையெழுத்து. ஒன்றாம் இலக்கத்தில் என்னுடையது. பெயருக்குப் பின்னால் பட்டத்தையும் போட்டிருந்தேன்.

எங்களிடம் எந்தக் கூட்டம் என்றாலும் பன் வருவதற்கு முன்னால் ஒரு தாள் வரும். கையெழுத்துப் போட்டால் பன்னும் டீயும். தாளின் மேல்பக்கம் வெறுமையாக இருக்கும். வந்ததற்கு அடையாளம் என்று நினைத்துப் போடுவோம், யாரும் எதற்கென்று கேட்பதில்லை. டிசம்பரில் கோயில் மண்டபத்துக் கூட்டத்தில் அந்தத் தாள் வெள்ளையம்மா அக்காவிடம்தான் முதலில் போனது. "படிச்ச புள்ள மொதல்ல போடட்டும்" என்று அக்கா என் பக்கம் நீட்டினார். பெருமையாகத்தான் போட்டேன். என் கையெழுத்தைப் பார்த்துத்தான் மற்ற எல்லாரும் போட்டார்கள்.

"நான் போடுறப்ப மேல ஒண்ணுமே எழுதியிருக்கல."

"வெறும் தாள்லயா ஒப்பம் வெச்சீங்க? கேம்பஸ் போன புள்ள!" சாலி நானா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

மாமா என் முழங்கையைப் பிடித்தார். "வருஷம் முடியுறதுக்குள்ள முடிஞ்சதா காட்டாட்டி ஒதுக்கீடு திரும்பிப் போயிருமாம். காட்டிட்டா ஜனவரில கட்டிரலாம்னு டீ.ஓ. சொன்னாரு. நம்ம நல்லதுக்குத்தான் புள்ள செஞ்சேன்."

"இப்ப மார்ச்சு மாமா. இதுல கல்லு வந்துச்சு, நாப்பது மூட சீமெந்து வந்துச்சுன்னு இருக்கு. எங்க எறக்குனாங்க?"

மாமா கன்னத்தைப் பிடித்திருந்த கை எப்போதோ இறங்கியிருந்தது. அவரை ஏமாற்றினார்களா, அவரும் கூட்டா, இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது. அவருடைய காம்பரா முன் வரிசையில், சரிவுக்கு எட்டாத தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சாலி நானா குரலைத் தணித்தார். "தங்கச்சி, இப்பிடிச் செய்வோம். இந்த வருஷத்துத் திருத்த வேல லிஸ்ட் நாளைக்கிப் போகுது. மதில் ஒடஞ்சிட்டு, திருத்தணும்ண்டு ஒண்டு போடுறன். நீங்களும் ஒப்பம் வெச்சா மேக்கு முன்ன வேல நடக்கும்."

"கட்டாத மதிலத் திருத்தவா?"

"பேருக்குத்தானே. ஒங்களுக்கு மதில் வந்தாச் சரிதானே?"

சரிதான். வந்தால் சரிதான். அம்மாவின் தலைமாட்டுக்குப் பின்னால் ஒரு கல் நின்றால் போதும் என்று ஒரு கணம் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. ஒரு தாளும் பேனாவும் என் பக்கம் வந்தன. தாளின் மேல்பாதி வெறுமையாக இருந்தது. இதிலும் நான் போட்டால் இன்னும் நாற்பத்தொரு பேர் போடுவார்கள். மே மாதம் வரும்போது ஃபைலில் இரண்டு மதில் இருக்கும், லயத்துக்குப் பின்னால் பள்ளம்தான் இருக்கும்.

போனை எடுத்தேன். படம், கடிதம், கையெழுத்துப் பட்டியல் மூன்றையும் போன் கேமராவில் பிடித்துக்கொண்டேன். சாலி நானா ஃபைலை மூடுவதற்குள் வேலை முடிந்தது.

"எங்க போற?" என்றார் மாமா.

"கச்சேரிக்கு. அரசாங்க அதிபர் ஆபீஸ்ல மூணு மணி வரைக்கும் முறைப்பாடு எடுப்பாங்க."

"மொதப் பொய்யே ஒன்னோடதுன்னு சொல்லுவாங்க புள்ள."

"அவங்க சொல்ல வேணாம். மொத ஆளா நான்தான் போட்டேன், வெறும் தாள்ல போட்டேன்னு மொத வரியிலயே எழுதுறேன். மத்தவங்க என்னைப் பார்த்துத்தான் போட்டாங்கன்னும் எழுதுறேன்."

"வேல போயிருமே!"

"இன்னும் வரவே இல்லையே மாமா, போறதுக்கு."

பேனாவை மூடி சாலி நானாவின் மேசையில் வைத்தேன். தெருவிளக்குக்காரர் வழி விட்டார். மாமா இரண்டு படி வரைக்கும் பின்னால் வந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.