எழுதாத பக்கத்தின் கதவு

லிஃப்ட் மெக்கானிக்கின் வீட்டில் பதினான்காவது கதவு ஒரு புதன்கிழமை காலை, அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது முளைத்தது. மற்ற பதின்மூன்றும் அப்படித்தான் வந்தன. எல்லாம் நீல நிறம், எதற்கும் பூட்டில்லை. வீட்டுக்காரர் லிஃப்டில் மேலே வந்து எண்ணிப் பார்த்தார். "ரெண்டு ரூம்னு சொல்லித்தானே குடுத்தேன்? ஆணி அடிக்கறதுக்கே என்னைக் கேக்கணும் சார்" என்று சலித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

காரணம் மெக்கானிக்குக்குத் தெரியும். மனைவி பெட்டியோடு போய்ப் பதினோரு வருடம். பேச ஆளில்லாமல், இணையத்தில் கதை செய்யும் ஓர் இலவசக் கருவியைப் பழகத் தொடங்கியிருந்தார். ஒரு பக்கம் எழுதி, அடியில் சுட்டிகள் வைக்க வேண்டும். படிப்பவர் எதைத் தொடுகிறாரோ, கதை அந்தப் பக்கம் போகும். முதல் பக்கத்தை நடந்தது நடந்தபடி எழுதினார்: அவள் பெட்டியை எடுக்கிறாள், அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். கீழே இரண்டு சுட்டிகள்: 'போகாதே என்று சொல்', 'பேசாமல் இரு'. சுட்டிக்கு ஒரு கதவு என்று கணக்காக முளைத்தன.

'போகாதே' கிளைத்துப் பதின்மூன்று அறைகளானது. ஒன்றில் அவள் துணி மடித்தாள், ஒன்றில் செய்தித்தாளைப் பார்த்துச் சிரித்தாள். வேலை முடிந்ததும் ஏதாவது ஓர் அறையில் போய் உட்காருவார். "இன்னைக்கு லேட்டா?" என்பாள். அதுவும் அவர் எழுதிக் கொடுத்ததுதான். அதற்கு மேல் ஒரு சொல் வராது. தனியாக இருப்பதைவிட அது கொடுமையாக இருந்தது.

'பேசாமல் இரு' சுட்டிக்கு மட்டும் பக்கமே எழுதவில்லை. புதிதாகக் கற்பவர்கள் செய்கிற தவறுதான். ஆனால் லிஃப்ட் கூண்டு வந்து நிற்காமல் கதவு திறக்கக்கூடாது என்று இருபது வருடம் கத்திய மனிதர் செய்யலாமா? திறந்தால் தரையில்லை, வெறும் வெள்ளை. 'பழுது' என்று எழுதிய பலகையை அதில் மாட்டிவைத்தார்.

கதையை வலையேற்றிய நான்காம் மாதம், பக்கத்தின் அடியில் பெயர் போடாமல் ஒருவர் எழுதியிருந்தார்: "பேசாமல் இருங்கறதத்தான் தொட்டேன். உள்ள ஒண்ணுமே இல்ல. அன்னைக்கு லிஃப்ட் வந்ததும் ஏறாம, நாலு தடவ வெறுமனே கீழ அனுப்பினேன். நீங்க வருவீங்கன்னு நின்னேன்."

யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அன்று அவர் வேலைக்குப் போகாமல் அந்தப் பக்கத்தை எழுதினார்: சாப்பிட்டேன். கை கழுவினேன். லிஃப்ட் சும்மா ஏறி இறங்கும் சத்தம் நாலு தடவை கேட்டது. ஏதோ கோளாறு, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

பலகையைக் கழற்றிக் கதவைத் திறந்தார். தரை இருந்தது. லிஃப்டுக்கு முன்னால் அவள் பெட்டியோடு நின்றிருந்தாள். தலை நரைத்திருந்தது, அவர் எழுதாத மூக்குக்கண்ணாடி ஒன்று போட்டிருந்தாள்.

"அப்ப சத்தம் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். பெட்டியை அவர் தூக்கிக்கொண்டார். கீழே தெருவரை கூடப் போய் வழியனுப்பிவிட்டு, தனியாக மேலே வந்தார். அந்தப் பக்கத்தில் மேற்கொண்டு சுட்டி எதுவும் வைக்கவில்லை.